கொழும்பிலிருந்து பதில் வரும்வரை

வந்தவர்கள் போய்விட்டார்கள். மேசையில் நான் பொரித்த மீன் றோல்ஸ் தட்டு நிறைந்தபடியே இருந்தது. பாதி கடித்த றோல்ஸ் ஒன்று மட்டும் ஓரத்தில் கிடந்தது. அது மாப்பிள்ளைப் பெடியனுடையது. தகப்பன் வாசலுக்குத் திரும்பியதைக் கண்டதும் அவனும் அதை வைத்துவிட்டு எழும்பிவிட்டான். கோப்பைகளில் தேத்தண்ணீர் ஆறி ஆடை படர்ந்திருந்தது.

ஜன்னலுக்குக் கீழே கடற்கரைப் பாதையில் ரயில் ஒன்று போனது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் ரயில் போகும்போது யாரும் கதைப்பதில்லை, கதைத்தாலும் கேட்காது. அது போய் முடிந்த பிறகு என் கணவர் கோட்டின் பொத்தானைக் கழற்றிக்கொண்டு சொன்னார்.

"மோசமில்லை. பேச்சுவார்த்தை ஆக்கபூர்வமா இருந்தது."

உள்ளே ஒரு கதவு அடித்துச் சாத்தப்பட்டது. அது எங்கள் மகள் ஆரபி. அவளைப் பெண் கேட்டுத்தான் அவர்கள் வந்திருந்தார்கள்.

"என்னப்பா, அவை கோவிச்சுக்கொண்டெல்லே போகினம்!" என்றேன்.

"முதல் சுற்றில எழும்பிப் போறது வழக்கம்தான். திரும்ப வருவினம். நீர் பதறாதையும்."

சொல்லிவிட்டு ஒரு றோல்ஸை எடுத்துக் கடித்தார். "நல்லா வந்திருக்கு," என்று பாராட்டவும் செய்தார். அந்தத் தட்டைத் தூக்கி அவர் தலையில் கவிழ்க்காமல் விட்டதற்கு ஒரே காரணம், மீன் விற்கிற விலைதான்.

அங்கே என்னதான் செய்தவர்?

பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தத் தொடரைப் படிக்கிற ஹெவ்லொக் டவுன் வாசகி ஒருவர் போன வாரம் காய்கறிக் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் கிழமைக்குக் கிழமை வெளிநாட்டுக் கதை எழுதுறீங்கள். நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்கட மிஸ்டர் அங்க என்னதான் செய்தவர்?"

நான் கையிலிருந்த முருங்கைக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் கணவரோடு முப்பது வருடத்துக்குக் கிட்டக் குடும்பம் நடத்தியவள் நான். அந்தக் கேள்வியை நானே அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு தூதரகத்தில் பல வகையான ஆட்கள் இருப்பார்கள். விசாவில் முத்திரை குத்துகிறவர் ஒருவர். விருந்துகளில் நாட்டின் மானத்தைக் காக்கிறவர் இன்னொருவர். இவர்களைத் தவிர நிதி ஆலோசகர் என்று ஒருவர் உண்டு. என் கணவர் அந்த வகை. கொழும்பில் ஓர் அரச அலுவலகத்திலிருந்து, எங்கள் பேச்சில் கந்தோரிலிருந்து, அனுப்பப்பட்டவர். கந்தோரின் பெயரை எழுதினால் இவர் இரவுச் சாப்பாட்டைத் தொடமாட்டார், ஆகவே எழுதவில்லை. போய் இருந்த ஊர்களின் பெயர்களும் அப்படியே. குளிரான ஊர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிதி ஆலோசகரிடம் நிதி கிடையாது. கேட்கிற அதிகாரமும் கிடையாது. கொழும்பிலிருந்து பெரியவர்கள் வந்து கடன் கேட்கும்போது கொடுக்கிறவர்களின் கதவு சாத்தியிருக்கக்கூடாது. அதுவரைக்கும் அந்தக் கதவுக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்பதுதான் உத்தியோகம். வைத்த கால் நோகிறது என்று முகத்தில் தெரியக்கூடாது.

இதற்கென்று ஒரு வித்தை இருக்கிறது. யார் எதைக் கேட்டாலும் "ஓம்" சொல்லக்கூடாது. "இல்லை"யும் சொல்லக்கூடாது. "கவனத்தில் எடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டுக் கொழும்புக்கு எழுத வேண்டும். நாங்கள் விழித்திருக்கும்போது கொழும்பு நித்திரை. கொழும்பு விழித்தால் அன்றைக்குப் பௌர்ணமிப் போயா விடுமுறை. போயா முடிந்து பார்த்தால் பதில் எழுத வேண்டியவர் இடமாற்றம் பெற்றுப் போயிருப்பார். புதியவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் விளக்கி எழுதச் சொல்லுவார். அதற்குள் எங்கள் ஆளுக்குப் பதவி உயர்வு வந்துவிடும்.

நான் பகிடிக்குச் சொல்லவில்லை. இவரோடு சேர்ந்தவர்களில் ஒருவர் ஒரு மத்தியானச் சாப்பாட்டு மேசையில், எதிரில் இருந்தவர் கேட்ட சின்ன விஷயத்துக்கு, "அதுக்கென்ன, செய்யலாம்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அடுத்த மாசமே ஊருக்குத் திரும்பினார். கடைசியாக அவரைப் பார்த்தபோது கந்தோர்க் கதிரை மேசைகளைப் பழுது பார்க்கும் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். நல்ல மனுஷன். சிரித்தபடி இருந்தார்.

இன்னொருவர் வாயே திறக்காதவர். அவர் மேலே மேலே போனார். அவருடைய பிரியாவிடைக்கு நானும் போயிருந்தேன். மேடையேறிய எல்லோரும் அவருடைய நிதானத்தைப் புகழ்ந்தார்கள். அவர் சொன்ன ஒரு வசனத்தையாவது எடுத்துச் சொல்ல யாராலும் முடியவில்லை.

கட்லற் பொரித்த காலம்

கலியாணத்துக்கு முன் நான் வெள்ளவத்தையில் கணக்கு ரீச்சர். இவருக்கு முதல் வெளிநாட்டு நியமனம் வந்தபோது வேலையை விட்டேன். "ரெண்டு வருசம்தானே" என்றார். அந்த ரெண்டு வருசம் பிறகு நாடு நாடாக நீண்டுகொண்டு போனது.

அங்கே என் வேலை கட்லற் பொரிப்பது. கடன் கொடுக்கிற நாடுகளின் அதிகாரிகள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். எல்லோரும் மெலிந்தவர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுகிறவர்கள். என் மீன் கட்லற்றைக் கண்டால் மட்டும் அதை மறந்துவிடுவார்கள். நாட்டின் கடன் தவணை எதுவும் அந்தக் கட்லற்றால் தள்ளிப்போனதாகத் தெரியவில்லை.

பிறகு அந்த வருடம் வந்தது. கடனைக் கட்ட முடியாமல் நாடு கையை விரித்த வருடம். வாசகர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வரிசையில் நின்றிருப்பீர்கள், ஆகவே நான் விளக்கத் தேவையில்லை. நான் நிற்கவில்லை. நான் சரவிளக்குக்குக் கீழே கட்லற் தட்டோடு நின்றேன்.

அன்றைக்கு இதே வெள்ளவத்தையிலிருந்து என் தங்கச்சி போன் எடுத்தாள். வெறும் காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில், ரோட்டோரத்தில், வெயிலில் நின்றுகொண்டு.

"அக்கா, அத்தான் அங்க பெரிய ஆக்களோடதானே கதைக்கிறார். காஸ் எப்ப வரும் எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லன்."

போய்க் கேட்டேன். "அது எங்கட பிரிவில்லை," என்றார் இவர். அடுத்த அறையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி கட்லற்றின் செய்முறை கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை.

ஆனால் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த மாதங்களில் இவர் உடம்பு வற்றிப்போனார். கழுத்துப்பட்டி தளர்ந்து தொங்கியது. மேசையில் தன் பக்கத்தில் ஒரு சொல் பிசகினால் ஊரில் வரிசை இன்னும் நீளும் என்று அவருக்குத் தெரியும். அதனால் அவருடைய வாய்ப்பூட்டைப் பார்த்து நான் எவ்வளவு சிரித்தாலும், அந்த வருடத்தை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

பிழை எங்கே என்றால், நாங்கள் கொழும்புக்குத் திரும்பியபோது பூட்டின் திறப்பை அவர் அந்த மேசையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

பூனை விவகாரம்

ஆரபிக்கு அப்போது ஏழு வயதிருக்கும். பக்கத்து வீட்டுக்காரியின் பூனை குட்டி போட்டிருந்தது. ஒரு குட்டி வேண்டும் என்று தகப்பனிடம் போய்க் கேட்டாள்.

இவர் பேப்பரை மடித்து வைத்தார், பிள்ளையை மரியாதையாகப் பார்த்தார். "நல்ல யோசனை. உரிய நேரத்தில பரிசீலிப்பம் பிள்ளை," என்றார்.

அவள் குசினிக்கு வந்து என் சட்டையை இழுத்தாள். "அம்மா, அது ஓமா, இல்லையா?"

"அது அப்பா," என்றேன்.

குட்டிகள் எல்லாம் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சேர்ந்தன. எங்கள் வீட்டுப் பரிசீலனை முடியவில்லை. அடுத்த நாட்டுக்கு மாறினோம், அடுத்த பள்ளிக்கூடம், அடுத்த மொழி. அவள் அதற்குப் பிறகு தகப்பனிடம் எதையும் கேட்டதை நான் காணவில்லை. எல்லாம் என்னிடம்தான் வரும். என்ன படிக்கப் போகிறாள் என்பதும், படிப்பு முடிந்ததும் வெளிநாட்டில் தங்காமல் கொழும்புக்கே வரப்போகிறாள் என்பதும் என்னிடம்தான் வந்தது. கடைசியில் ஜூட்டும் என் வழியாகத்தான் வந்தான்.

ஜூட் கொட்டாஞ்சேனைப் பெடியன். கப்பல் திருத்துகிற கம்பனி ஒன்றில் எஞ்சினியர். கத்தோலிக்கர்கள். தகப்பன் லோறன்ஸ் துறைமுகத்தில் பாரந்தூக்கியில் ஏறி வேலை செய்து, பிறகு மேற்பார்வையாளராகி ஓய்வு பெற்றவர். பெடியன் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுக் குசினிக்குள் வந்து, "அன்ரி, என்ன வெட்டணும்?" என்று கேட்பான். எனக்கு வேறு தகுதி எதுவும் தேவைப்படவில்லை.

இவருக்கும் அவனைப் பிடிக்கும். அதுதான் விஷயத்திலேயே பெரிய பகிடி.

ஜன்னல் வெளிச்சம்

அவர்கள் பெண் கேட்டு வருகிற நாள் காலையிலேயே இவர் வரவேற்பறையை மாற்றத் தொடங்கிவிட்டார். நீள் கதிரையை ஜன்னலுக்கு எதிராக இழுத்துப் போட்டார்.

"ஏன் இது?"

"அவை இதில இருக்கட்டும். பின்னேர வெயில் கண்ணில படும். எங்கட முகம் அவைக்கு வடிவாத் தெரியாது. அவையின்ர முகம் எங்களுக்குத் தெரியும்."

சிறிய மேசையில் ஒவ்வொருவருக்கும் ஒரு தண்ணீர்ப் போத்தல் வைத்தார். பக்கத்தில் வெறும் தாளும் பென்சிலும் வைத்தார். நான் அவற்றை எடுத்து ஒளித்தேன், அவர் தேடி எடுத்துத் திரும்ப வைத்தார்.

"ஒண்டு சொல்லுறன் கேளும். முகத்தில சந்தோசத்தைக் காட்டக்கூடாது."

"எனக்குப் பெடியனைப் பிடிச்சிருக்கு."

"எனக்கும்தான். அதுக்கு?"

லோறன்ஸ் வெள்ளை நீளக்கைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக வந்தார். மனைவி ரெஜினா கையில் ஒரு பழைய பிஸ்கற் தகரம். உள்ளே அவர் கையால் செய்த லவ் கேக். ஜூட் பின்னால் வந்து, போடப்பட்ட கதிரையையும் பென்சில்களையும் பார்த்துவிட்டு ஆரபியைப் பார்த்தான். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

லோறன்ஸ் கதிரையில் இருக்கவில்லை. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பாடமாக்கி வந்ததை எழுந்து நின்றே சொன்னார்.

"மிஸ்டர், எங்களுக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. உங்க மகளை எங்க வீட்டுக்குக் கேட்டு வந்திருக்கோம். சீதனம் கீதனம் பேச்சே வேணாம். பிள்ளை மதம் மாறவும் வேணாம். எங்க கோயில்லயும் வைப்போம், உங்க கோயில்லயும் வைப்போம். நான் எங்க பங்குச் சாமியார்கிட்ட கேட்டுட்டேன், அவருக்குச் சரி. ரெண்டு பிள்ளைங்களும் சந்தோசமா இருந்தாப் போதும்."

ஒரு மனுஷன் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் எடுத்து எங்கள் முன்னால் வைத்துவிட்டார். பதிலுக்கு ஒரே ஒரு சொல்தான் வேண்டும். அது எவ்வளவு சின்னச் சொல்!

ஆனால் இவர் படித்தது வேறு பாடம். எதிர்ப்பக்கம் முதல் நாளே இவ்வளவு விட்டுக்கொடுத்தால் பின்னால் இன்னும் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அப்படி வந்தால் அமைதியாக இருந்து, சுற்றை நீட்ட வேண்டும்.

இவர் விரல்களைக் கோர்த்துக்கொண்டார். "உங்கள் முன்மொழிவுக்கு நன்றி. இதைக் கவனத்தில் எடுத்துக்கொள்கிறோம். சில அம்சங்களை மேலும் ஆராய வேண்டியிருக்கிறது. எண்டாலும், இது ஒரு நல்ல தொடக்கப் புள்ளி."

லோறன்ஸ் விளங்காமல் பார்த்தார். "தொடக்கமா? நான் எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டேனே, மிஸ்டர்."

இவர் மௌனமாக இருந்தார். பொருள் பொதிந்த மௌனமாம், பிறகு எனக்கு விளக்கினார். நான் வாயைத் திறந்த நேரம் பார்த்து ரயில் வந்து தொலைத்தது. அது போய் முடிவதற்குள் லோறன்ஸின் முகம் சிவந்து, பிறகு வெறுமையாகிவிட்டது.

"துறைமுகத்து ஆக்கள்னு யோசிக்கிறீங்க போல. பரவால்ல. யோசிங்க."

"ஐயோ, அப்பிடியில்லை..." என்று நான் எழும்பினேன். அதற்குள் அவர் வாசலுக்குப் போய்விட்டார். ரெஜினா மட்டும் திரும்பி, தகரத்தை மேசையில் வைத்து, என் கையைத் தொட்டுவிட்டுப் போனார்.

இதற்குப் பிறகுதான் "ஆக்கபூர்வமாக இருந்தது" வந்தது.

திங்கட்கிழமை வரைக்கும்

பொழுதுபட ஜூட் எனக்குப் போன் எடுத்தான்.

"அன்ரி, அப்பா இனி வரமாட்டார். எங்க வீட்டில பொண்ணு கேக்கிறது ஒருதரம்தான். அண்ணாவுக்குக் கேட்ட இடத்தில பதில் சொல்லாம இழுத்தாங்க. அப்பா திரும்பப் போகவே இல்ல. அது அதோட முடிஞ்சுது."

"நீ என்ன சொல்லுறாய் மகன்?"

"நான் அப்பாவை விட்டுட்டு வரமாட்டேன் அன்ரி. ஆரபிக்கும் அது தெரியும்."

இதை அப்படியே வந்து இவரிடம் சொன்னேன். அவர் அவசரப்படவில்லை. திங்கட்கிழமை வரை பொறுப்போம் என்றார். அதற்குள் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒருவரை அனுப்பி, அவர்களுடைய மனநிலையை நோட்டம் பார்க்கலாமாம்.

"நாங்கள் முதல்ல இறங்கிப் போனா பலவீனமாத் தெரியும்."

"பலவீனமாத்தான் இருக்கிறம்! பிள்ளை சாப்பிடாமல் உள்ளுக்கை அழுதுகொண்டு கிடக்குது. திங்கட்கிழமைக்குப் பிறகு ஆரைக் கட்டிக்குடுக்கப் போறீங்கள்?"

பதில் வரவில்லை. கவனத்தில் எடுத்துக்கொண்டிருப்பார்.

என் கண்ணில் அப்போதுதான் அந்தத் தகரம் பட்டது. ஒரு வீட்டிலிருந்து பலகாரம் வந்த பாத்திரத்தை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை, வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதும் இல்லை. கேக்கை வெட்டி ஆரபியின் அறைக்குள் ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். மிச்சத்தைத் தட்டில் வைத்தேன். தகரத்தைக் கழுவித் துடைத்து, வீட்டில் இருந்த பயத்தம் பணியாரத்தை அடுக்கி மூடினேன்.

"நாளைக்குக் காலமை இதைக் குடுக்கப் போறன். நீங்களும் வாறீங்கள்."

இவர் தகரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் தெளிந்தது. "அது சரி. தகரம் குடுக்கப் போறம் எண்டா, பேச்சுவார்த்தைக்குப் போறம் எண்டு ஆகாது."

கடவுளே என்று இருந்தது.

கொட்டாஞ்சேனையில்

ஞாயிறு காலை. பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிற நேரம் பார்த்து த்ரீவீலர் பிடித்தோம். எப்போதும் நெரிசலான காலி வீதி அன்றைக்கு வெறிச்சோடிக் கிடந்தது. த்ரீவீலர் பறந்தது. "மல்லி, ஹெமின் யன்ன," என்று இவர் சிங்களத்தில் கெஞ்சினார். மெதுவாகப் போகச் சொன்னது விபத்துக்குப் பயந்து அல்ல, சொல்லவேண்டியதைத் தயார்ப்படுத்த நேரம் போதவில்லை. உதடு அசைந்துகொண்டே வந்தது. புறக்கோட்டையில் கைவண்டி ஒன்று குறுக்கே நின்றபோது அவருக்கு முகத்தில் ஒரு நிம்மதி.

லோறன்ஸின் வீடு ஒரு குறுகிய ஒழுங்கைக்குள். கூரைகளுக்கு மேலால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரிந்தன. வாசற்படியில் மூன்று பூனைகள் படுத்திருந்தன. ஒன்று எங்களைக் கண்டு எழும்பி, முதுகை வளைத்து, எங்களோடு உள்ளே வந்தது.

லோறன்ஸ் சாரமும் சட்டையுமாக இருந்தார். மரியாதைக்குக் குறைவில்லை. "வாங்க. உக்காருங்க." அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஜூட் அறை வாசலில் நின்றான்.

நான் தகரத்தை ரெஜினாவிடம் கொடுத்தேன். அவர் மூடியைத் திறந்து பணியாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் இடையில் விஷயம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. ஆம்பிளைகள் மட்டும்தான் மிச்சம்.

இவர் கதிரையின் நுனியில் இருந்தார். கூட வந்த பூனை ஒரு பாய்ச்சலில் அவர் மடியில் ஏறி இருந்துகொண்டது. அவர் அதைத் தள்ளவும் இல்லை, தொடவும் இல்லை.

"நேற்றைய சந்திப்புத் தொடர்பாக," என்று தொடங்கினார், "சில தெளிவுபடுத்தல்களை முன்வைக்கலாம் எண்டு நினைக்கிறன். எங்கட தரப்பில அடிப்படையில..."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

லோறன்ஸ் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் தலையை ஆட்டினார். "சரி மிஸ்டர். கவனத்தில எடுத்துக்கிறோம்."

சிரிக்காமல்தான் சொன்னார். பழிவாங்கினாரா, அல்லது பெரிய இடத்தில் இப்படித்தான் பதில் சொல்லுவார்கள் என்று நினைத்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் இவருடைய முகத்தை நான் பார்த்தேன். எத்தனை நாடுகளில், எத்தனை மேசைகளில் இதே வசனத்தை இவர் மற்றவர்களுக்குச் சொல்லியிருப்பார். தனக்கு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதன் அர்த்தம் அந்த அறையில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதியது. ஜூட் அறை வாசலில் தலையைக் குனிந்துகொண்டான்.

இவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வையைத் தெரியும். அந்தக் குளிர் ஊர்களில், கொழும்பிலிருந்து பதில் வந்துவிட்டதா என்று போனை அப்படித்தான் பார்ப்பார்.

"என்னைப் பாக்காதேங்கோ," என்றேன். "நாங்கள் இப்ப கொழும்பிலதான் இருக்கிறம். இதுக்கு மேல கேக்கிறதுக்கு ஒருத்தரும் இல்லை."

அவர் கை பூனையின் முதுகுக்குப் போனது. ஒருதரம் தடவினார்.

"லோறன்ஸ், நான் நேற்றே ஓம் எண்டுதான் நினைச்சனான்," என்றார். குரலில் கந்தோர் இல்லை. "உங்கட மகன் தங்கமான பெடியன். நீங்கள் சொன்னதில ஒரு குறையும் இல்லை. நான்தான் இழுத்தனான்."

"ஏன் மிஸ்டர்?"

"அவள் வளரேக்கை நான் வீட்டில இல்லை. இருந்த நேரத்திலயும் இல்லை. இப்பதான் நாங்கள் மூண்டு பேரும் ஒரு வீட்டில ஒண்டா இருக்கிறம். ஓம் எண்டு சொன்னா அவள் போயிடுவாள். நாளைக் கடத்துறது ஒண்டுதான் எனக்குத் தெரிஞ்ச தொழில்."

எனக்கு இது தெரியாது. கோட்டு, பென்சில், ஜன்னல் வெளிச்சம் எல்லாவற்றையும் பார்த்துச் சிரித்தவள் நான். அவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு பயம் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. இதை எழுதும்போதும் கண் நிறைகிறது.

"ஓம்," என்றார் இவர், இன்னொரு தரம், சத்தமாக. "எங்களுக்குச் சம்மதம்."

லோறன்ஸ் எழும்பி வந்து இவருடைய தோளில் கையை வைத்தார்.

"போறதுக்கு இது என்ன வெளிநாடா? வெள்ளவத்தைக்கு ஒரு பஸ்தானே, சம்பந்தி."

ரெஜினா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணீர் போட ஓடினார். ஜூட் போனை எடுத்து ஆரபியை அழைத்தான். "அன்ரி பேசுறாங்க," என்று போனை என்னிடம் நீட்டினான்.

"அம்மா? என்ன நடந்தது? அப்பா என்ன சொன்னவர்?"

"ஓம் எண்டு சொன்னவர்."

பிறகு ஆரபி மிக மெதுவாகக் கேட்டாள்.

"ஆர்? எங்கட அப்பாவோ?"

நான் போனை இவரிடம் கொடுத்தேன். மடியிலிருந்த பூனை எழும்பாதபடி, ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் போனை வாங்கினார்.

"ஓம் பிள்ளை," என்றார். பிறகு, அவள் கேட்காமலே, "இஞ்ச பூனையும் இருக்கு," என்றார்.